வாயில்லா உயிரின் முறையீடு

மனிதன் உழவைக் கற்பதற்கு முன்பே அவனோடு கூடி வாழத் தொடங்கிய விலங்கு நாய். வேட்டைக்குச் சென்றவனுக்கு அது வழித்துணையாயிற்று. இரவில் உறங்கியவனுக்குக் காவலாயிற்று. பூனையின் நட்போ உழவு தோன்றிய பின்னர் ஏற்பட்டது. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. நாய் மனிதனைத் தேடி வந்த விலங்கு. பூனை இரையைத் தேடி வந்து மனிதனோடு தங்கிவிட்ட விலங்கு. இரண்டன் இயல்பும் வெவ்வேறு என்பதற்கு இவ்வரலாறே போதிய சான்றாகும். ஆயினும், வீட்டுக்குள் வந்து சேர்ந்த பின் இரண்டுக்கும் ஒரே தண்டனை வழங்கப்படுகிறது. நாய் குரைத்தாலும் அடி. பூனை கீறினாலும் அடி.

குற்றம் செய்யும் விலங்கைத் திருத்தும் வழி யாது என்று கேட்டால், பலர் இரண்டு பழமொழிகளை விடையாகக் கூறுவர். 'நாய் வாலை நிமிர்த்த முடியாது' என்பது ஒன்று. 'அடியாத மாடு படியாது' என்பது மற்றொன்று. முன்னது நம்பிக்கையை இழந்தவர் கூற்று. பின்னது பொறுமையை இழந்தவர் கூற்று. இரண்டும் வளர்ப்பு விலங்குகளின் திறத்தில் பொருந்துவன அல்ல. வளைந்த வால் பிறவியில் அமைந்த உறுப்பு. ஓயாது குரைப்பதும், செருப்பைக் கடித்துக் குதறுவதும், வந்தவர் மேல் பாய்வதும் பழக்கங்கள். உறுப்பை மாற்ற இயலாது. பழக்கத்தை மாற்ற இயலும்.

அடியாத மாடு படியாது என்பதும் ஆராயத்தக்கதே. கிருட்டினகிரி மாவட்டத்துக் கேழ்வரகு வயல்களில் உழுதுவந்த உழவர்களைக் கேட்டால் உண்மை விளங்கும். நேற்று வரை ஒழுங்காக ஏர் இழுத்த எருது இன்று நின்றுவிட்டால், அறிவுள்ள உழவர் உடனே தார்க்கோலை ஓங்குவதில்லை. நுகத்தடி அழுந்திய இடத்தில் புண் இருக்கிறதா, குளம்பில் முள் தைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். எருது நின்றது பிடிவாதத்தால் அன்று, வலியால். அது தன் வலியைச் சொல்லும் மொழி, நிற்பது ஒன்றே. எருதுக்கு உழவர் காட்டும் இந்த நிதானத்தை நாய்க்கும் பூனைக்கும் வீட்டார் காட்டினால், பாதிக் குறைகள் அன்றே தீர்ந்துவிடும்.

ஓசூர், தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில், கருநாடக மாநிலத்தை ஒட்டி அமைந்த நகரம். விலங்குகளைப் பேணுவது இவ்வூருக்குப் புதியதன்று. இங்குள்ள மத்திகிரியில் 1824-ஆம் ஆண்டில் குதிரைகளுக்கென ஒரு பண்ணை தொடங்கப்பெற்றது. அதுவே இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. தமிழ்நாடு சிப்காட் நிறுவனம் 1971-இல் உருவாயிற்று. அதன் தொழிற்பேட்டை ஓசூரில் எழுந்த பின் ஊரின் தோற்றமே மாறிற்று. ஊர்தி செய்யும் ஆலைகளும், கைக்கடிகாரம் செய்யும் ஆலையும், அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் பட்டறைகளும் பெருகின. பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

ஊர் மாறியபோது நாயின் வாழ்வும் மாறிற்று. சிற்றூரில் நாய்க்கு ஒரு தொழில் இருந்தது. அது ஆட்டு மந்தையோடு சென்றது. களத்து மேட்டில் காவல் கிடந்தது. பகலெல்லாம் நடந்து, இரவில் திண்ணையடியில் படுத்தது. நகரத்து நாய்க்கோ மூன்றடிச் சங்கிலியும் மதிற்சுவருமே உலகம். வீட்டுத் தலைவர் ஆலையில் இரவு ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் உறங்குகிறார்; வீட்டுத் தலைவியும் வேலைக்குச் செல்கிறார்; பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நாய் தனியே கிடக்கிறது. மந்தையோடு ஓடப் பிறந்த உடலுக்கு ஓட்டம் இல்லை. கூடி வாழப் பிறந்த உள்ளத்துக்குத் துணை இல்லை. அந்நிலையில் அது ஊளையிட்டால் அண்டை வீட்டார் சினக்கின்றனர். கதவைப் பிறாண்டினால் வீட்டார் சினக்கின்றனர். நாய் செய்தது குற்றமா, முறையீடா என்று எவரும் நின்று எண்ணுவதில்லை.

வளர்ப்பு விலங்கின் பொல்லாத செயல் ஒவ்வொன்றும் ஒரு செய்தி. அச்செய்தியைப் படியாமல் அடிப்பது, கடிதத்தைப் பிரித்துப் பாராமல் கொண்டு வந்தவரை ஏசுவது போன்றதாகும்.

விலங்கு எவ்வாறு கற்கிறது என்பதை அறிஞர்கள் ஆராய்ந்து கூறியுள்ளனர். உருசிய நாட்டு அறிஞர் பாவ்லவ், உணவைக் காணும்போது நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதைக் கண்டார். உணவுக்கு முன் ஓர் ஒலியைப் பலமுறை எழுப்பிவந்தால், பின்னர் அவ்வொலியைக் கேட்ட அளவிலேயே உமிழ்நீர் ஊறுவதையும் காட்டினார். அடுத்தடுத்து நிகழும் இரண்டை நாய் இணைத்துக்கொள்கிறது என்பது இதனால் விளங்கும். அமெரிக்க அறிஞர் தார்ண்டைக், பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் அடைத்து ஆராய்ந்த முடிவுகளை 1898-இல் வெளியிட்டார். கயிற்றை இழுத்தாலோ, மிதியை அழுத்தினாலோ கதவு திறக்கும். வெளியே உணவு இருக்கும். முதல் நாள் பூனை திகைத்து எங்கெங்கோ பிறாண்டியது. நாள் செல்லச் செல்ல, வேண்டாத அசைவுகள் குறைந்து, கதவைத் திறக்கும் அசைவு மட்டும் விரைந்து வந்தது. பயன் தந்த செயல் நிலைத்தது; பயன் தராத செயல் தேய்ந்தது.

இவ்விரண்டு உண்மைகளை அறிந்தோர்க்கு, காலங்கடந்த தண்டனையின் பயனின்மை தானே விளங்கும். காலையில் நாய் மெத்தையைக் கிழிக்கிறது. மாலையில் வீட்டுத் தலைவர் திரும்பி வந்து அதை அடிக்கிறார். நாயின் உள்ளத்தில் இணைவது மெத்தையும் அடியும் அல்ல; தலைவரின் வருகையும் அடியுமே. மறுநாள் அவர் வாயிலில் நுழைந்ததும் நாய் காதுகளை மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே செருகி, மூலையில் ஒடுங்குகிறது. 'செய்த தவறு அதற்கே தெரிகிறது' என்று வீட்டார் மகிழ்கின்றனர். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டிரா ஓரோவிட்சு 2009-இல் வெளியிட்ட ஆய்வு இம்மயக்கத்தைப் போக்கிற்று. உண்ணக்கூடாதென்று விலக்கிய உணவை உண்ட நாயும், உண்ணாத நாயும் தலைவர் கடிந்துகொண்டபோது ஒரே வகையான 'குற்ற முகத்தை'க் காட்டின. அம்முகம் தவறு செய்ததைக் காட்டவில்லை. தலைவரின் சினத்துக்கு அஞ்சியதையே காட்டியது.

அச்சத்தால் அடங்கிய விலங்கு திருந்திய விலங்கு ஆகாது. அடிக்கும் கையைக் கண்டு ஒடுங்கும் நாய், ஒரு நாள் ஒடுங்க இடமின்றிச் சுவரோரம் நெருக்கப்படும்போது கடிக்கும். பெரும்பாலும் அது கடிப்பது தன்னை அடித்த வலியவரை அன்று. அணைக்கக் கை நீட்டிய குழந்தையை. நாய் உறுமும்போது அதனை அடித்து அடக்குவோர், உறுமலை மட்டுமே அடக்குகின்றனர். உள்ளே இருக்கும் அச்சத்தை அடக்குவதில்லை. உறுமல் என்பது எச்சரிக்கை. எச்சரிக்கையை அடித்து அழித்துவிட்டால், எஞ்சுவது எச்சரியாமல் கடிக்கும் நாயே.

ஆகவே, திருத்தும் வழி மூன்று படிகளை உடையது. காரணத்தைக் கண்டறிவது முதற்படி. அக்காரணத்தைப் போக்குவது இரண்டாம் படி. வேண்டிய செயலைக் கற்பித்து, அதைச் செய்த நொடியிலேயே பயன் தருவது மூன்றாம் படி.

தனிமையால் குரைக்கும் நாய்க்கு மருந்து, நடையும் துணையும். வேலைக்குப் புறப்படும் முன் அரை மணி நேரம் நாயை நடத்திச் செல்ல வேண்டும். மாலையிலும் அவ்வாறே செய்ய வேண்டும். தனியே இருக்கும்போது கடித்து விளையாட ஏற்ற பொருளைக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம், பின்னர் பத்து நிமிடம் எனப் பிரிவைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழக்கினால், 'சென்றவர் திரும்பி வருவார்' என்னும் நம்பிக்கை அதற்குப் பிறக்கும். வந்தவர் மேல் பாயும் நாயைத் தள்ளுவதும் திட்டுவதும் அதற்கு ஒரு விளையாட்டாகவே தோன்றும். பாயும்போது முகம் கொடாமல் திரும்பி நின்று, நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் தடவிக் கொடுத்தால், தரையில் நிற்பதே பயன் தரும் செயல் என்பதை அது கற்கும். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் குட்டியின் மூக்கை அதில் தேய்ப்பது கொடுமை மட்டுமன்று, பேதைமையுமாகும். உணவு உண்டதும், உறங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும் வெளியே அழைத்துச் சென்று, உரிய இடத்தில் கழித்தவுடன் பாராட்டுவதே வழி.

இங்கு ஓசூருக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. எல்லைப்புற ஊராகையால் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழிகளும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில் ஒலிக்கின்றன. தந்தை 'உட்கார்' என்கிறார். பாட்டி 'கூர்ச்சோ' என்கிறார். பக்கத்து வீட்டுச் சிறுவன் 'கூத்கோ' என்கிறான். நாய் மூவரையும் மாறி மாறிப் பார்க்கிறது. 'சொன்ன பேச்சுக் கேளாத நாய்' என்று பெயர் வாங்குகிறது. பல சொற்களைக் கற்கும் ஆற்றல் நாய்க்கு உண்டு. ஆயினும், கற்பிக்கும் காலத்தில் ஒரு செயலுக்கு ஒரு சொல்லே வேண்டும். எந்த மொழிச் சொல்லாயினும் தீங்கில்லை. வீட்டார் அனைவரும் அதையே சொல்ல வேண்டும். சொல்லைப் போன்றதே விதியும். அண்ணன் சோற்றுத் தட்டிலிருந்து ஊட்டுவதும், அக்காள் அதற்காகவே அடிப்பதும் ஒரே வீட்டில் நடக்குமானால், அந்நாய் எந்த விதியைக் கற்கும்?

பூனையைத் திருத்துவதற்கு அதன் இயல்பை அறிதல் இன்னும் இன்றியமையாதது. பூனை நகத்தால் கீறுவது பகையால் அன்று. நகத்தின் பழைய உறையைக் களையவும், உடலை நீட்டிச் சோம்பல் முறிக்கவும், பாதத்திலுள்ள மணத்தால் 'இஃது என் இடம்' என்று குறியிடவும் அது கீறுகிறது. கீறுவதை நிறுத்த இயலாது. கீறும் இடத்தை மாற்ற இயலும். ஓர் ஆள் இடுப்பளவு உயரமுள்ள கட்டையில் கோணிச் சாக்கைச் சுற்றி, ஆடாமல் நிறுத்தி, அது வழக்கமாகக் கீறும் நாற்காலியின் அருகிலேயே வைத்தால், பூனை நாளடைவில் சாக்கையே நாடும். மாடி வீட்டுப் பூனை, தனக்கு வைத்த மணல் தட்டை விட்டு வேறிடத்தில் மலசலம் கழிக்குமானால், தட்டு தூய்மையாக இருக்கிறதா, உணவுக்கு அருகில் இருக்கிறதா, ஓசை மிகுந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூனை தூய்மையை விரும்பும் விலங்கு. அழுக்கான தட்டை அது மறுப்பது பிழையன்று. அதை நாள்தோறும் தூய்மை செய்யாதிருப்பதே பிழை.

சில செயல்கள் பழக்கத்தால் வருவன அல்ல, நோயால் வருவன. நெடுநாள் அமைதியாக இருந்த நாய் தொட்டவுடன் சீறுமானால், காதிலோ பல்லிலோ மூட்டிலோ வலி இருக்கக்கூடும். ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வாராதிருக்குமானால், அஃது உயிருக்கே ஊறு செய்யும் அடைப்பாக இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். இன்னும் அஞ்சத்தக்கது வெறிநாய்க்கடி நோய். அன்பாக இருந்த விலங்கு திடீரென்று வெறிகொண்டு திரிவதும், துடியாக இருந்தது இருளில் ஒளிந்து கிடப்பதும், வாயில் எச்சில் வழிவதும், குரல் மாறுவதும் அந்நோயின் குறிகளாகலாம். அத்தகைய விலங்கைத் திருத்த முயலலாகாது, தொடவும் கூடாது.

பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், 1885-இல் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தினார், சிறுவன் பிழைத்தான். அவர் பெயரால் அமைந்த நிலையம் நீலகிரியிலுள்ள குன்னூரில் 1907 முதல் இயங்கி வருகிறது. நோயின் குறிகள் மனிதனிடம் தோன்றிய பின் உயிர் தப்புவது மிக மிக அரிது. குறிகள் தோன்றுமுன் உரிய மருத்துவம் செய்தால் நோய் வாராமல் தடுக்கலாம். ஆதலால், கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடித்தது தன் வீட்டு நாயே என்று வாளாவிருத்தல் ஆகாது. நாய்க்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடுவித்தல் வளர்ப்போரின் முதற்கடமை.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பர். நாய்க்குட்டியின் 'ஐந்து வயது' மிக விரைவில் கடந்துவிடுகிறது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை, அது உலகத்தை நம்பக் கற்கும் பருவம். பூனைக்குட்டிக்கோ இப்பருவம் இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரத்தளவில் முடிகிறது. அக்காலத்தில் குழந்தைகளையும், முதியோரையும், தலைக்கவசம் அணிந்தோரையும், ஊர்திகளின் ஓசையையும் அச்சமின்றிக் கண்டும் கேட்டும் பழகிய குட்டி, வளர்ந்த பின் தெருவில் செல்வோரைக் கண்டு வெகுளாது. ஆனால், பருவம் கடந்த விலங்கைக் கைவிட வேண்டுவதில்லை. அதற்குக் காலம் மிகுதியாக வேண்டும், அவ்வளவே.

ஓசைக்கு அஞ்சுதல் இங்கே தனியே கூறத்தக்கது. தீபாவளி நெருங்கும்போது ஓசூரை அடுத்த எல்லைச் சாலையில் வெடிக்கடைகள் வரிசையாகத் தோன்றும். மக்களுக்கு அது திருநாளின் அறிகுறி. மனிதனைவிடக் கூரிய செவியுடைய நாய்க்கோ பெருந்துன்பத்தின் தொடக்கம். வெடியோசைக்கு அஞ்சிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் நாய் நெடுஞ்சாலையில் ஊர்திக்கு இரையாகலாம். அந்நாள்களில் இருட்டுமுன் அதை நடத்தி அழைத்து வந்து, உள்ளறையில் சன்னல்களை மூடி, ஒருவர் உடனிருப்பது நலம். அஞ்சிய நாயைத் தடவி ஆறுதல் கூறினால் அச்சம் வளரும் என்று சிலர் எண்ணுவர். அது தவறு. அச்சம் என்பது பயன் கருதிச் செய்யும் செயலன்று. ஆறுதல் அதை வளர்ப்பதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டு, 'ஆலையில் உழைத்துக் களைத்தவர்க்கு இவற்றுக்கு நேரம் ஏது?' என்று வினவுவோர் உண்டு. அவ்வினா நேர்மையானதே. களைப்பு பொய்யன்று. ஆயினும், நடத்திச் செல்லும் பொறுப்பை வீட்டார் பகிர்ந்துகொள்ளலாம். பள்ளிச் சிறுவர் தக்க துணையோடு அப்பணியில் பங்கு பெறலாம். அதற்கும் வழியில்லாத வீட்டில் நாய் வளர்க்காதிருப்பதே அன்புடைமை. நாயை வாங்க வேண்டுவது பணம். வளர்க்க வேண்டுவது காலம். பணம் மட்டும் உடையவர் நாயை வாங்கலாம், வளர்க்க இயலாது.

'காவல் நாய் கொடியதாக இருந்தால்தானே வீட்டுக்குப் பாதுகாப்பு?' என்பாரும் உண்டு. கள்வன் யார், கடிதம் கொண்டு வருபவர் யார் என்று வேறுபாடு அறியாத நாய் காவல் நாயாகாது. அது வாயிலில் கட்டிய ஆபத்து. வீட்டாரின் ஒரு சொல்லுக்கு அடங்கி நிற்கும் நாயே நல்ல காவலன்.

இக்கடமைகளுள் சிலவற்றைச் சட்டமும் வற்புறுத்துகிறது. நடனக் கலைஞர் உருக்குமணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்தபோது எடுத்த முயற்சியின் பயனாக, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பெற்றது. பொறுக்க இயலாத அளவு குறுகிய சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு வேண்டிய நடமாட்டம் தாராதிருப்பதும், பசியாலும் நீர்வேட்கையாலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவதும் அச்சட்டத்தின்படி வதையாகும். மூன்றடிச் சங்கிலி வெறும் அலட்சியம் என்று எண்ணுவோர் இதனை அறிதல் வேண்டும்.

ஊர்விட்டு ஊர் வந்து உழைப்போர் நிறைந்த தொழில் நகரில் வீடு மாறுவது இயல்பு. வீடு மாறும்போது அண்டாவும் கட்டிலும் வண்டியில் ஏறுகின்றன. 'குணங்கெட்ட நாய்' என்று பெயர் வாங்கிய நாய் தெருவில் நிற்கிறது. அதன் குணத்தைக் கெடுத்தது தனிமை. தனிமையைத் தந்தவர் வீட்டார். தண்டனை மட்டும் நாய்க்கு. தெருவில் விடப்பட்ட அந்நாய் பசியால் அலைந்து, அஞ்சி, ஒருநாள் எவரையேனும் கடிக்குமானால், அக்கடிக்கு யார் பொறுப்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாயும் பூனையும் வாயால் வழக்குரைக்க இயலாதவை. அவற்றின் குரைப்பும் கீறலும் பதுங்கலுமே அவை எழுதும் மனுக்கள். மனுவைப் படிப்பதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. அடிக்க ஓங்கிய கையை ஒரு கணம் நிறுத்தி, 'இஃது ஏன் இவ்வாறு செய்கிறது?' என்று கேட்கும் பொறுமை போதும். அக்கேள்வியைக் கேட்கப் பழகிய சிறுவர், நாளை மனிதரோடு பழகும்போதும் முதலில் காரணத்தையே தேடுவர்.